திரும்பினால் நழுவும் முழங்கால்

ஏழாயிரம்பண்ணையில் கம்பெனி வேனிலிருந்து இறங்கும்போது அது நடந்தது. பாதம் பள்ளத்தில் ஊன்றி நிற்க, உடம்பு மட்டும் திரும்பியது. இடது முழங்காலுக்குள் ‘டப்’பென்று ஒரு சத்தம். பத்து நாளில் வீக்கம் வடிந்ததும் பட்டாசு வேலைக்குத் திரும்பிவிட்டேன்.

நேராக நடந்தால் ஒன்றும் தெரியாது. சட்டென்று திரும்பினால் நழுவும். ஆறு வருஷம் அப்படியே சமாளித்தேன்.

போன வருஷம் ஒருநாள் பக்கத்து அறையில் புகை என்று கூச்சல் எழுந்தது. எங்கள் அறையில் நான்கு பேர். மூவர் வெளியே பாய்ந்தார்கள். நான் எழுந்து திரும்பினேன், கால் நழுவி விழுந்தேன். வெளியே போய்விட்ட கனகா திரும்பி ஓடிவந்து என்னை இழுத்துப்போனாள். புகை உடனே அடங்கிவிட்டது, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள்: “எக்கா, எனக்கு ரெண்டு பிள்ளைக இருக்கு. நீங்க இன்னொரு தடவ விழுந்தாலும் நான் திரும்பித்தான் வருவேன். அதுக்காகவாச்சும் ஆஸ்பத்திரிக்குப் போங்க.”

அந்த வாரமே கணவரோடு விருதுநகர் போனேன்.

டாக்டரம்மா ஸ்கேனைப் பார்த்துவிட்டு, “ஆறு வருஷமா? தானா ஒட்டிக்கிரும்னு இருந்தீகளா?” என்று கேட்டார். திட்டவில்லை. முன்சிலுவைத் தசைநார் (தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் மூட்டுக்குள் பிணைப்பது) முழுதாக அறுந்திருந்தது.

“பழைய காயம்னா எல்லாருக்கும் ஆபரேஷன் வேணும்னு இல்லம்மா. மூணு மாசம் பயிற்சி செய்ங்க. தொடைச் சதை பலமானா சிலருக்கு அதுவே போதும். அப்புறமும் நழுவுச்சுன்னா பேசுவோம்.”

பயிற்சியில் வலி குறைந்தது. ஆனால் திரும்பும்போது இரண்டு முறை மறுபடி நழுவியது. என் வேலைக்கு அந்த முன்னேற்றம் போதாது. அறுவை சிகிச்சைக்குச் சம்மதித்தேன். மூட்டில் சிறு துளைகளிட்டு, என் பின்தொடையிலிருந்தே ஒரு நாரை எடுத்து அறுந்த இடத்தில் பொருத்தினார்கள்.

அதன் பிறகுதான் கஷ்டம். காலை மடக்கும்போதெல்லாம் கண்ணீர் வரும். குதிகாலைப் பிடித்துக்கொண்டு கணவர் எண்ணுவார். எட்டு சொன்னதும் ஒன்பதை விட்டுவிட்டுப் பத்துக்குத் தாவுவார். நான் கண்டுகொள்ளாததுபோல் இருப்பேன். ஞாயிறுதோறும் கனகா வந்து, “எங்க, நடந்து காட்டுங்க பாப்போம்” என்பாள்.

புது நார் நன்றாக வேர்பிடிக்க ஒரு வருஷம்கூட ஆகலாம் என்றார் டாக்டரம்மா. தீபாவளி சீசனை வைத்தே நாளைக் கணக்கிட்டுப் பழகியவள் நான். முதல்முறையாக என் உடம்பின் வேகத்துக்கு நாட்களை விட்டுக்கொடுத்தேன்.

இன்னும் சம்மணமிட்டு வெகுநேரம் உட்கார முடியவில்லை. அதனால் பட்டாசைப் பெட்டியில் அடுக்கும் அறையில் நின்றபடி வேலை செய்கிறேன். இதைப் படிக்கும் உங்களுக்கும் பழைய காயம் இருந்தால், வருஷங்களை நினைத்துத் தயங்காமல் காட்டிவிடுங்கள்.

போன மாதம் ஆஸ்பத்திரி வளாகத்தில் என்னை மெதுவாக ஓடித் திரும்பச் சொன்னார்கள். ஓடினேன். திரும்பினேன். கால் நின்றது. டாக்டரம்மா, “போதும்மா” என்றார். எதற்கும் பயப்படாமல் ஓடி எத்தனை வருஷமாயிற்று! யாரும் சொல்லாமலே இன்னொரு சுற்று ஓடினேன்.