பெயின்ட் அடித்த வீட்டு வோட்டு

கொழும்பு, புறக்கோட்டையில் பெயின்ட் கடை வைத்திருந்த உலகப்பனுக்கு அரசியல் ஞானம் முழுவதும் பெயின்ட் வாளியிலிருந்துதான் வந்தது. வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கிறவன் ஆட்சிக்கு எதிராக வோட்டுப் போடமாட்டான் என்பது அவருடைய சித்தாந்தம். சாப்பாட்டுக்கு வழியில்லாதவன் சுவரைப் பார்க்கமாட்டான். நாளைக்கு ஊரைவிட்டு ஓட வேண்டியவனும் பார்க்கமாட்டான். சுவரைப் பார்க்கிறவன் நிலையாக இருக்கப் போகிறவன், அவனுக்கு எதையும் மாற்றத் தோன்றாது. இதை அவர் கல்லாவில் இருந்தபடி சொல்லும்போது வந்தவர்கள் தலையாட்டுவார்கள். கடனுக்குப் பெயின்ட் வாங்க வந்தவர்கள் கொஞ்சம் கூடுதலாகவே ஆட்டுவார்கள்.

அந்த வருஷம் பெயின்ட் பறந்தது. வடக்கே யுத்தம் நடந்துகொண்டிருக்க, கொழும்பில் கட்டடத்துக்கு மேல் கட்டடம் எழும்பியது. வெள்ளவத்தையில் வெளிநாட்டிலிருந்த பிள்ளைகள் அனுப்பிய காசில் மாடிகள் முளைத்தன. கொட்டாஞ்சேனையில் மழைக்குக் கறுத்துக் கிடந்த வீடுகள்கூட ரோஜா நிறமும் வெளிர்நீலமுமாக மாறின. ஆனால் ஜனாதிபதியை மட்டும் யாருக்கும் பிடிக்கவில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருந்தது. தமிழர்களுக்கு, விடியற்காலையில் வீடு வீடாகப் புகுந்து ஆட்களைப் பிடிக்கும் சுற்றிவளைப்பு ஒன்றே போதுமாயிருந்தது. ஜனாதிபதியின் பதவிக்காலம் பாதி ஓடியிருக்கும்போது மாகாணசபைத் தேர்தல் வந்தது. அதில் அவர் போட்டியிடவில்லை. என்றாலும் பரீட்சை அவருக்குத்தான் என்பது சந்தையில் வெங்காயம் விற்பவளுக்கும் தெரியும்.

உலகப்பன் ஜனாதிபதியின் கட்சிக்குக் கொட்டாஞ்சேனையில் வோட்டுச் சேர்ப்பவர். கொள்கையெல்லாம் ஒன்றுமில்லை. அவருடைய அப்பா இந்தியாவிலிருந்து வந்து, பிரஜாவுரிமைக்காக அரசாங்கக் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கி, கிழவனான பிறகு யாரோ ஒரு பெரிய மனிதரின் ஒரு வார்த்தையில் அதைப் பெற்றவர். சாகும்வரை அவர் மகனுக்குச் சொன்னது ஒன்றுதான்: அரசாங்க வாசலுக்கு நேரே போகாதே, ஆளைப் பிடித்துப் போ. எண்பத்து மூன்று கலவரத்தில் கடை எரிந்தபோது பிடிக்க ஆள் இல்லையே என்று உலகப்பன் நெஞ்சில் அடித்துக்கொண்டார். அதன் பிறகு அவர் ஆளில்லாமல் இருந்ததே இல்லை. இப்போது அவர் பிடித்து வைத்திருந்த ஆள், கட்சி வேட்பாளராக நின்ற ஒரு சிங்கள வக்கீல். உலகப்பன் அவரை, ஐயா என்ற பொருளில், மாத்தயா என்றுதான் சொல்வார்.

கடையில் உலகப்பனுக்கு வலது கை சண்முகலிங்கம். யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளவத்தையில் கடலைப் பார்த்து இறங்கும் ஒரு லேனில் மனைவி கௌரியோடு வாடகைக்கு இருந்தார். கடைப் பூட்டின் திறப்பு அவரிடம்தான் இருக்கும். கேட்ட நிறத்தைக் கண்ணளவில் கலந்து கொடுத்துவிடுவார். தேர்தலுக்கு மூன்று கிழமை இருக்கும்போது நடந்த சுற்றிவளைப்பில் லேனில் அகப்பட்ட ஆண்களோடு அவரையும் லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அடையாள அட்டை இருந்தது, பொலிஸ் பதிவும் இருந்தது, இரண்டையும் யாரும் பார்க்கவில்லை. மற்றவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். அவர் வரவில்லை.

கௌரி அழுதுகொண்டு கடைக்கே வந்துவிட்டாள்.

"முதலாளி, நீங்கள் ஒருக்கா வந்து கதைச்சால் விடுவினம். எனக்குச் சிங்களம் வராது. சாப்பாட்டுப் பார்சலை வாசல்லயே வாங்கிப்போட்டு, போ போ எண்டு கலைக்கிறாங்கள்."

"பதறாதீங்க தங்கச்சி. நான் நேரா போய் நின்னா ஒரு ஈ, எறும்பு அளவுக்குக்கூட மதிக்க மாட்டாங்க. மேல இருந்து ஒரு டெலிபோன் கோல் வரணும். அதுக்குத்தானே நம்ம மாத்தயா இருக்காரு," என்றார் உலகப்பன். பிறகு குரலைத் தாழ்த்தி, "நீங்களும் வாசலோட நின்னுக்குங்க. உள்ள போய் எதையாவது கேட்டு வச்சீங்கன்னா காரியம் கெட்டுப்போகும்," என்றார்.

அன்று பின்னேரமே மாத்தயாவின் தேர்தல் கந்தோருக்குப் போனார். மாத்தயா அவரை அணைத்து உட்கார வைத்தார், விஷயத்தைக் கேட்டார், பெருமூச்சு விட்டார். இப்போது ஒரு யாழ்ப்பாணத்துக்காரனுக்காகத் தொலைபேசியைத் தூக்கினால் நாளைக்கே எதிர்க்கட்சி மேடையில் தன் பெயர் நாறிவிடும் என்று சிங்களத்தில் விளக்கினார். "தேர்தல் முடியட்டும் முதலாளி. நான் வென்ற அன்றைக்கே அவரை வெளியில் எடுத்துத் தருகிறேன். நீங்கள் கொட்டாஞ்சேனையை எனக்கு எடுத்துத் தாருங்கள்."

அந்தக் கணத்திலிருந்து உலகப்பனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. இத்தனை நாளும் தேர்தல் அவருக்கு ஒரு பொழுதுபோக்கு. இப்போது அதற்குள்ளே ஒரு மனிதன் பூட்டப்பட்டிருந்தான். சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்து வாசலுக்குப் போவார். கடையில் வெள்ளை கேட்டவனுக்கு மஞ்சள் வாளியை எடுத்துக் கொடுத்தார். கடையை வேலைக்காரர்களிடம் விட்டுவிட்டுத் துண்டுப் பிரசுரக் கட்டோடு தெருத்தெருவாக இறங்கினார்.

கொட்டாஞ்சேனை அவரை நன்றாகத்தான் வரவேற்றது. தேவாலயத்துக்குப் பின்னால் இருந்த யோசெப்பின், போன நத்தார்ப் பண்டிகைக்கு அவரிடமே வாங்கிய வெளிர்நீலம் பூசிய முன்னறையில் உட்கார வைத்து, தேத்தண்ணியும் கேக்கும் கொடுத்தாள்.

"வீடு பளிச்சுன்னு இருக்கே," என்றார் உலகப்பன். "நாடும் இப்படித்தான் யோசெப்பின். யாவாரம் இருக்கு, வேலை இருக்கு. கையில சல்லி பொழங்குது. இதைப் போய்க் கெடுத்துக்கலாமா?"

"அதுதானே அண்ணே," என்றாள் யோசெப்பின்.

"தெருவுக்கு ஏதாவது வேணுமா? தண்ணி ஓட கான் வெட்டணுமா? மகனுக்கு வேலை?"

"ஒண்ணும் வேணாம் அண்ணே. எல்லாம் இருக்கு. நீங்க கேக்கைச் சாப்பிடுங்க."

எல்லா வீட்டிலும் இதே கதைதான். யாரும் முகம் சுளிக்கவில்லை, யாரும் எதுவும் கேட்கவில்லை. உலகப்பன் பூரித்துப்போய் வீட்டுக்கு வந்து மனைவி சீதையிடம், "ஜனங்களுக்குக் குறையே இல்ல. கேட்கிறதுக்கு ஒண்ணுமில்லாம நிக்கிறாங்க," என்றார்.

சீதை அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "யோசெப்பின் மகன் இப்ப வீட்டுல படுக்கிறதில்லையாம். சுத்திவளைப்புக்குப் பயந்து பேலியகொடையில மாமன் வீட்டுல படுக்கிறானாம். அதை உங்ககிட்ட சொன்னாளா?"

"அதை எதுக்கு என்கிட்ட சொல்லணும்?"

"அதைத்தான் நானும் கேக்கிறேன்," என்றாள் சீதை.

மறுநாள் அவர் வெள்ளவத்தைக்குப் போய், மாத்தயா சொன்னதைக் கௌரியிடம் சொன்னார். அவள் கண்ணைத் துடைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"வெண்டால் எடுத்துத் தருவாரோ, தோத்தாலும் எடுத்துத் தருவாரோ?"

"ஜெயிச்சாத்தான் தங்கச்சி அவரு வாய்க்கு மரியாதை."

"ஆர் கோல் எடுக்கிறது? அவரோ, அவற்றை ஆக்களோ? எண்டைக்கு? இவர் வீட்டை வந்த பிறகு திரும்பப் பிடிக்கமாட்டினம் எண்டு சொல்லுவாரோ?"

கேள்வி மேல் கேள்வியாக அவள் கேட்டுக்கொண்டே போக, உலகப்பனுக்குக் கடைக்கு வருகிறவர்களின் ஞாபகம் வந்தது. கடையில் இருந்து தலை நரைத்தவருக்கு இது தெரியாமலா? வாங்க வந்தவன்தான் விலை கேட்பான், குறை சொல்வான், சண்டை பிடிப்பான். சொன்ன விலைக்கெல்லாம் சிரித்துக்கொண்டு தலையாட்டுகிறவன், "போயிட்டு வாறன் முதலாளி" என்று படியிறங்கி விடுவான். கொட்டாஞ்சேனை முழுவதும் அவருக்குச் சிரித்துக்கொண்டல்லவா தலையாட்டியது. கையில் காசு இருந்ததால் அவர்களுக்கு இந்தக் கட்சியிடம் கேட்க எதுவும் இருக்கவில்லை. இருந்த ஒரே குறையை அவரிடம் சொல்ல அவர்களுக்கு விருப்பமும் இல்லை. மாத்தயா தோற்கப் போகிறார் என்பது அப்போதே அவருக்கு விளங்கிவிட்டது.

அந்த இடத்திலாவது அவர் எழுந்து, பத்து நிமிஷ நடையில் இருந்த பொலிஸ் நிலையத்துக்குப் போயிருக்கலாம். அப்பாவின் சொல் காலைக் கட்டியது. அவர் பையைத் திறந்து இன்னும் ஒரு கட்டுப் பிரசுரத்தை எடுத்தார்.

"இந்த லேன்ல உங்களுக்கு எல்லாரையும் தெரியும்தானே?"

கௌரி அதை வாங்கிக்கொண்டாள். புருஷனைக் கொண்டுபோனவர்களுடைய கட்சிக்கு, புருஷனைக் கொண்டுபோன லேனிலேயே வோட்டுக் கேட்டு இறங்கினாள். பக்கத்து வீட்டுப் பாலேஸ்வரியின் மகன் அதே லொறியில் போய், அடிபட்டுத் திரும்பி வந்தவன். "வெக்கமில்லையோடி உனக்கு?" என்று கேட்டுப் பாலேஸ்வரி கதவைச் சாத்தினாள். மூடிய கதவுக்கு முன்னாலும் கௌரி கும்பிட்டாள். "அக்கா, இவருக்காக ஒருக்கா மட்டும் போடுங்கோ." அடுத்த வீட்டுக்குப் போனாள். காலையில் பொலிஸ் வாசலில் சாப்பாட்டுப் பார்சல், பின்னேரம் லேனில் வோட்டுப் பிச்சை என்று அவளுடைய நாட்கள் போயின.

இந்தச் செய்தி கொட்டாஞ்சேனைக்கு வந்தபோது சீதைக்குப் பொறுக்கவில்லை. "ஒரு பொம்பளைய இப்படி அலைய விட்டிருக்கீங்களே. கடையில வேலை செய்யிற மனுசன், நல்லவருன்னு நீங்களே போய் ஒரு வார்த்தை சொன்னா என்ன, நாக்கு அழுகிப்போயிடுமா?"

"உனக்கு என்னடி தெரியும்? அங்க போய் நின்னா நாளைக்கு என்னையும் சேர்த்து எழுதிக்குவான்!" என்று உலகப்பன் கத்தினார். கத்திய பிறகுதான் தனக்கு இருப்பது சாமர்த்தியம் அல்ல, வெறும் பயம் என்பது அவருக்கே கேட்டது. அதற்கும் அவர் எழுந்து போகவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு ஜிந்துப்பிட்டிப் பக்கம் வோட்டுக் கேட்கத்தான் போனார்.

தேர்தல் முடிந்த மறுநாள் காலையில், கடைக் கதவை ஏற்றும்போதே பக்கத்துக் கடை வானொலி சொல்லிவிட்டது. கட்சி மாகாணத்தை இழந்திருந்தது. மாத்தயா சபைக்கே தெரிவாகவில்லை. அன்றைக்கும் முதல் வாடிக்கைக்காரன் இரண்டு வாளி வெள்ளைக்கு வந்து நின்றான். யாவாரத்துக்கு ஒரு குறையும் இல்லை.

மாத்தயா வீட்டு வாசலில் கொடிகள் கழற்றியாகிவிட்டது. அவர் இந்தத் தடவை அணைக்கவில்லை. "நாட்டில் இவ்வளவு வேலை, இவ்வளவு கட்டடம். பெயின்ட் விற்கிற உங்களுக்குத் தெரியாதா?" என்றார். "உங்களுடைய ஆட்கள் தின்றுவிட்டுத் துரோகம் செய்துவிட்டார்கள். இனி நான் யாருக்குக் கோல் எடுப்பது? எடுத்தால்தான் யார் கேட்பார்கள்?" வெள்ளவத்தையில் ஒரு பெண் அவருக்காக வாசல் வாசலாகக் கும்பிட்ட கதையைச் சொல்ல உலகப்பன் வாயெடுத்தார். மாத்தயா அதற்குள் உள்ளே போய்விட்டார்.

பிடித்திருந்த ஆள் போய்விட்டான். இனி அவர் மட்டும்தான். பயம் போகவில்லை, ஆனால் வெட்கம் அதைவிடப் பெரிதாக இருந்தது. நேரே வெள்ளவத்தைக்கு பஸ் ஏறி, கௌரியையும் கூட்டிக்கொண்டு, வாழ்க்கையிலேயே முதல் தடவையாகப் பொலிஸ் நிலையத்தின் படியேறினார். அவளுடைய கையில் அன்றைய சாப்பாட்டுப் பார்சல் இருந்தது.

மேசைக்குப் பின்னால் இருந்த சார்ஜன்ட் நடுத்தர வயதுக்காரர். உலகப்பன் நடுங்கும் சிங்களத்தில் தன் பெயரையும் கடையையும் சொல்லி, சண்முகலிங்கம் தன்னிடம் பத்து வருஷத்துக்கு மேல் வேலை செய்கிறவர், அவருக்குத் தான் பொறுப்பு என்றார். சார்ஜன்ட் அதட்டவில்லை. பேனையை வைத்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்கள்தான் முதலாளியா? இவ்வளவு நாளும் எங்கே போனீர்கள்? மற்றவர்களுக்கெல்லாம் வேலை கொடுத்தவர்கள் வந்து பொறுப்பெடுத்தார்கள், முதல் கிழமையிலேயே விட்டுவிட்டோம். இந்த மனிதருக்கு ஒருவருமே வரவில்லை. யாருமில்லாத ஆள் என்று எழுதி, தேர்தலுக்கு முந்தின திங்கட்கிழமை தெற்கே தடுப்பு முகாமுக்கு அனுப்பியாகிவிட்டது. இனி எங்கள் கையில் இல்லை."

அதன் பிறகும் வாசலில் கௌரியின் பார்சலை வாங்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். அவளுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. சார்ஜன்ட் அதட்டாமல் பேசியதைப் பார்த்து அவளுடைய முகத்தில் கொஞ்சம் வெளிச்சம்கூட வந்திருந்தது.

"என்னவாம் முதலாளி? விடப்போகினமோ?"

உலகப்பனுக்கு முதலில் தப்பிக்க ஒரு வழி தோன்றியது. முகாமை மட்டும் சொல்லி மற்றதை விழுங்கிவிடலாம். சிங்களம் தெரியாதவளுக்கு அது எப்போதும் தெரியவராது. வாயைத் திறந்தார், மூடினார், பிறகு அவளுடைய முகத்தைப் பார்க்காமல் சார்ஜன்ட் சொன்ன எல்லாவற்றையும், முதல் கிழமையையும் சேர்த்து, தமிழில் சொல்லி முடித்தார்.

அவள் அழவில்லை. பார்சலை மேசை ஓரத்தில் வைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"எத்தினை வாசல்ல நிண்டு கும்பிட்டனான் முதலாளி," என்றாள் கௌரி. "இந்த ஒரு வாசலுக்கு நீங்கள் என்னோட வந்திருக்கலாம்."