ஸ்டெல்லா பெரியம்மா ஜெயித்த பிறகு

சமையலறையில் மைதாப் பசை கொதிக்கும் வாசனையோடுதான் அந்தத் தேர்தல் எங்கள் வீட்டுக்குள் வந்தது. சிங்காநல்லூரில் மில் தொழிலாளர்கள் குடியிருந்த எங்கள் வீதியில் தையல் கடை வைத்திருந்த ஸ்டெல்லா பெரியம்மா, கவுன்சிலர் பதவிக்குச் சுயேச்சையாக நின்றார். எங்களுக்கு அவர் சொந்தமில்லை. ஆனாலும் சுவரொட்டிக்குப் பசை காய்ச்சியதும், வீடு வீடாகப் போய் "ஏனுங்க, நம்ம அக்காவுக்குப் போடுங்க" என்று கேட்டதும் அம்மாதான்.

வீதியின் கோடியில், நாங்கள் "பொட்டல்" என்று அழைத்த காலி நிலம் இருந்தது. நான் சைக்கிள் பழகியதும், பெண்கள் துணி காயப் போட்டதும், சாயங்காலம் கூடி உட்கார்ந்து பேசியதும் அங்கேதான். "பொட்டல்ல யாரையும் கை வைக்க உடமாட்டேனுங்க" என்று பெரியம்மா ஒவ்வொரு வாசலிலும் சொன்னார். ஜெயித்த அன்று, தன் கழுத்து மாலையைக் கழற்றி அம்மாவுக்குப் போட்டார்.

சில மாதங்கள் கழித்து ஒரு காலையில் பொட்டலில் மண் தோண்டும் பொக்லைன் வந்து நின்றது. தண்ணீர்த் தொட்டி கட்டப் போகிறார்கள், கவுன்சிலரே சம்மதித்துவிட்டார் என்றார்கள். அம்மா நேராகத் தையல் கடைக்குப் போனார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"என்னங்க்கா இப்படிப் பண்ணிப்போட்டீங்க?"

"ரயில் பாதைக்கு அந்தப்பக்கம் போய்ப் பாத்தேன் அம்மணி. கொடத்த வெச்சுக்கிட்டு லாரிக்குக் காத்துக் கெடக்கறாங்க. தொட்டி கட்ட வேற எடமில்ல."

"வந்து ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமல்லொ?"

"உன்ற மூஞ்சியப் பாத்தா மனசு மாறிருமோன்னு பயந்துபோட்டேன்."

அம்மா வீடு திரும்பினார். அதன்பின் இரண்டு பேரும் ஒரே வீதியில் முகம் பாராமல் நடந்தார்கள். தொட்டி எழுந்தது, பாதைக்கு அந்தப்பக்கம் குழாயில் தண்ணீர் வந்தது, எங்களுக்கு மட்டும் விளையாட இடமில்லாமல் போனது. அம்மாவின் ஜாக்கெட்டுகளை யாரோ ஒரு தையல்காரர் தாறுமாறாகத் தைத்தார்.

அடுத்த தேர்தலில் எங்கள் வீதி பெரியம்மாவைக் கைவிட்டது, அவர் தோற்றார். முடிவு தெரிந்த சாயங்காலம் அம்மா பீரோவிலிருந்து ஒரு ஜாக்கெட் துணியை எடுத்துக்கொண்டு, என் கையைப் பிடித்தபடி அந்தக் கடைப்படி ஏறினார். பெரியம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"பழைய அளவேதானா கண்ணு?"

"கொஞ்சம் எளச்சுப்போட்டேனுங்க்கா."

அளவு எடுக்கப் போன பெரியம்மா அம்மாவின் தோளில் முகம் புதைத்து அழுதார். "நீயாச்சும் எனக்கு ஓட்டுப் போட்டியா?" என்று கேட்டதற்கு அம்மா, "அதெல்லாம் கேக்காதீங்க்கா" என்றார். எங்களிடமும் கடைசிவரை சொல்லவில்லை.

இன்று அவர்கள் இருவரும் இல்லை. தையல் கடை இருந்த இடத்தில் கைப்பேசி விற்கிறார்கள். போன தேர்தலில் வேட்பாளர் திறந்த வேனில் கும்பிட்டபடி எங்கள் வீதியைக் கடந்து போனார்; அவர் சொன்னது எதுவும் ஒலிபெருக்கி இரைச்சலில் சரியாகக் கேட்கவில்லை. "ஜெயிச்சா சொன்னபடி செய்வாங்களாம்மா?" என்று என் மகள் கேட்டாள். மாறத்தான் செய்வார்கள் என்றேன். ஆனால், ஏன் மாறினாய் என்று உரிமையோடு போய்ச் சண்டை போடுகிற தூரத்தில் இருந்த ஒருவருக்கு ஓட்டுப் போடுவது எப்படி இருக்கும் என்பதை அவளுக்குச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.