லெஃப்சே சுட்ட கைக்கு நான் சொல்லத் தவறியது

உயிர்களுக்கு உணவாகியும், உணவினுள் சுவையாகியும், உண்டவர் நெஞ்சில் நன்றியாகியும் விளங்கும் பெருமானை முதற்கண் வணங்குகின்றேன். பிழை செய்த கையையும் தள்ளிவிடாத அவன் திருவடி முன்னிலையில் இதனை எழுதுகின்றேன்.

பொங்கலுக்கு நான்கு நாட்கள் இருந்தன. முற்பகலில் தொலைபேசி ஒலித்தபோது, என் மேசையில் ஒரு தாள் விரிந்து கிடந்தது. பொங்கலன்று கோயில் மண்டபத்தில் எழுந்து நின்று சொல்ல வேண்டிய சில வரிகளை அதில் எழுதித் திருத்திக்கொண்டிருந்தேன். அழைத்தவர் புவனேஸ்வரி அம்மையாரின் மகள் மாதங்கி.

“மாமா, அம்மா வேலையிலை இருக்கேக்கை, கதிரையிலை இருந்தபடியே போயிட்டா. ஹார்ட் எண்டு சொல்லினம்.”

“பொங்கலுக்கு இன்னும் நாலு நாள் கிடக்கே, பிள்ளை” என்றேன்.

தாயை இழந்து நின்ற அந்தப் பெண்ணுக்கு என் மறுமொழி விளங்கியிருக்காது. எனக்கும் அப்போது விளங்கவில்லை. தொலைபேசியை வைத்த பின்னரும் எழுதுகோலை எடுத்து, விட்ட இடத்திலிருந்து அடுத்த சொல்லை எழுதினேன். அந்தச் சொல்லை முடித்த பிறகுதான் கை நின்றது. அவருக்கு அறுபத்தொரு வயது. முதல் நாள் மாலைதான் ஒஸ்லோவின் ரொம்மன் கடைத்தெருவில் உருளைக்கிழங்குப் பையோடு நின்று எனக்குக் கையசைத்தவர். இன்றுவரை என் மனம் அந்தச் செய்தியை முழுதாக ஏற்கவில்லை.

அவரைக் கோயில் வழியாக அறிந்தவர்கள் உங்களில் பலர். அவர் வேலைத்தலத்தில் யாராக இருந்தார் என்பதை அறிந்தவர்கள் சிலரே. எங்கள் பகுதி முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் அவர் இருபது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றினார். நத்தாருக்கு, அதாவது கிறிஸ்துமஸுக்கு, ஏழு வகைப் பணியாரம் சுடுவது நோர்வே வீடுகளின் பழைய வழக்கம். வேலைக்குப் போகும் இன்றைய குடும்பங்கள் பெரும்பாலும் கடையில் வாங்கிவிடுகின்றன. அந்த இல்லத்து முதியவர்களுக்கோ, ஏழையும் ஆண்டுதோறும் தன் கையால் சுட்டுக் கொடுத்தவர் யாழ்ப்பாணத்தில் பிறந்த இந்த அம்மையார். லெஃப்சேயும் அவர் கைப்பாகம்தான். அவித்து ஒரு நாள் ஆறவிட்ட உருளைக்கிழங்கை மசித்து, வெண்ணெயும் பாலாடையும் மாவும் சேர்த்துப் பிசைந்து, மறுபக்கம் தெரியும் அளவுக்கு மெல்லிதாய் உருட்டி, அகன்ற வட்டக் கல்லில் சுட்டெடுக்கும் மென்மையான ரொட்டி அது. வெண்ணெய் தடவிச் சீனி தூவி மடித்து உண்பார்கள்.

அவரை முதலில் நோர்வேயின் வடகோடி ஊரான ஹம்மர்பெஸ்டில் அறிந்தேன். அகதியாக வந்த தொடக்க ஆண்டுகளில் நாங்கள் இருவரும் அங்கே ஒரே மீன் தொழிற்சாலையில் வேலை செய்தோம். புலால் உண்ணாத நான் நாள் முழுவதும் மீன் வெட்டினேன். மாலையில் கையைச் சவர்க்காரம் போட்டு மூன்று முறை கழுவிவிட்டு, எங்கள் குடியிருப்பில் ஒரு படத்தின் முன்னே விளக்கேற்றிப் பதிகம் ஓதுவேன். அவர் பின்னால் அமர்ந்து கேட்பார். தொழிற்சாலையின் உணவறையில் ரொட்டி சுட்ட பெண்களிடம்தான் அவர் லெஃப்சே பழகினார். என்னை ‘அண்ணை’ என்று அழைப்பார். நாங்கள் ஒஸ்லோவுக்கு வந்து, கோயிலில் பதிகம் ஓதும் என்னை எல்லோரும் ‘ஐயா’ என்று சொல்லத் தொடங்கிய பிறகும் அவருக்கு நான் அண்ணைதான்.

இனிச் சொல்வது, நான் பொங்கலன்று சொல்ல இருந்தது.

ஆறு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மார்கழி நாளில், கோயில் மடைப்பள்ளியில் அம்மையார் அமுது சமைத்துக்கொண்டிருந்தார். பெண்கள் பலர் காய் நறுக்கியவாறு சிரித்துக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். நோர்வேக்காரருடைய பணியாரங்களைப் பற்றி யாரோ கேட்க, அவர் மறைக்காமல் சொன்னார்: “அதிலை ஒண்டு பன்றிக் கொழுப்பிலைதான் பொரிக்கிறது. எண்ணெயிலை பொரிச்சுப் பார்த்தனான், இல்லத்திலை ஒரு கிழவர் கண்டுபிடிச்சிட்டார். இது காலணிக்குப் பூசுற எண்ணெயோ எண்டு கேட்டார்.”

எல்லோரும் சிரித்தார்கள். வாசலில் நின்ற நான் சிரிக்கவில்லை. “அந்தக் கையாலை சுவாமிக்கு அமுது வேண்டாம்” என்றேன்.

அவர் கரண்டியைக் கழுவிக் கொளுவியில் மாட்டினார். கையைத் துடைத்தார். “சரி, ஐயா” என்று சொல்லி வெளியே போனார். அன்றுதான் அவர் வாயிலிருந்து என்னை நோக்கி ‘ஐயா’ என்ற சொல் முதன்முதலாக வந்தது. அதை நான் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

அவர் கோயிலுக்கு வருவதை நிறுத்தவில்லை. மண்டபத்தின் கடைசி வரிசையில் அமர்ந்து, பிரசாதத்தை இரு கைகளாலும் வாங்கிக்கொண்டு போவார். மடைப்பள்ளி வாசலைக் கடந்து ஒரு நாளும் உள்ளே வரவில்லை. ஆறு ஆண்டுகள். அந்த ஆண்டுகளில் ஒவ்வொரு நத்தாருக்கும் மாதங்கி மூலம் எங்கள் வீட்டுக்கு ஒரு தகர டப்பா வரும். உள்ளே சாய்சதுரமாக வெட்டிய, பாகு மணக்கும் பணியாரம். ஒவ்வொன்றின் நடுவிலும் பாதி வாதுமைப்பருப்பு. நான் அதை வாயில் வைத்ததில்லை. அயல்வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, “நன்றாக இருந்தது” என்று சொல்லி டப்பாவைத் திருப்பி அனுப்புவேன். பதிகம் ஓதும் நாவால் ஆண்டுக்கு ஒரு பொய்.

சென்ற கார்த்திகையில் ரொம்மன் நிலத்தடி ரயில் நிலையத்தின் அருகே பனிக்கட்டியில் வழுக்கி விழுந்து எனக்கு இடுப்பெலும்பு முறிந்தது. சத்திர சிகிச்சைக்குப் பின், நடை தேறும்வரை என்னைச் சில வாரங்கள் அனுப்பிவைத்த இடம் அம்மையார் வேலை செய்த முதியோர் இல்லம். பொதுப் பாத்திரத்தில் சமைத்ததை உண்ண மாட்டேன் என்று இரண்டு நாட்கள் பழமும் தண்ணீருமாகக் கிடந்தேன். மூன்றாம் நாள் அவர் ஒரு தட்டோடு வந்தார்.

“இது என்ரை வீட்டுக் கல்லு. உருளைக்கிழங்கு, வெண்ணெய், மா. முட்டையும் இல்லை, கொழுப்பும் இல்லை. இனி உங்கடை விருப்பம், ஐயா.”

பசி என்பதா, வெட்கம் என்பதா, நான் அறியேன். உண்டேன். மெல்லிய சூடு, உப்பும் இனிப்புமாக. அதைக் கொண்டுவந்த கை, நான் விலக்கிய கை. என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

“டப்பாவிலை வந்ததையும் திண்டிருக்கலாம்” என்றார். “பாகுப் பணியாரத்திலை முட்டை சேராது. உங்களுக்கெண்டு, வேறை ஒண்டும் சுட முதல், முதல் தட்டிலை சுட்டனான்.”

“நான் தின்னேல்லை எண்டு தெரியுமோ?”

“திண்ட சனம் டப்பாவைத் திருப்பித்தர ரெண்டு கிழமை எடுக்கும். நீங்கள் அடுத்த நாளே தந்தனீங்கள்.”

அதே வாரத்தில் ஒரு காட்சியைக் கண்டேன். என் அறைக்கு எதிர் அறையில் தூர் என்றொரு முதியவர். பல நாட்களாகப் பேச்சும் இல்லை, உணவும் இல்லை. மகன் பக்கத்தில் அமர்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அம்மையார் ஒரு லெஃப்சேயை மடித்து அந்த முதியவரின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டார். அவர் அதை முகர்ந்தார். கடித்தார். நீண்ட நேரம் மென்றார். பிறகு தெளிவான நோர்வே மொழியில், “வெண்ணெய் போதாது” என்றார். மகன் அழுதுகொண்டே சிரித்தார். “கண்டியளோ, என்னிலை குறை பிடிக்காத கிழவர் ஒருதரும் இஞ்சை இல்லை” என்று என் பக்கம் திரும்பிச் சொல்லிவிட்டு அம்மையார் வெண்ணெய் எடுக்கப் போனார்.

கோயிலில் நான் ஓதிய அமுதும், அந்த அறையில் நான் கண்ட அமுதும் வேறல்ல என்பதை அறிய எனக்கு எழுபத்து நான்கு வயது ஆயிற்று. அன்று மாலை அவரை அழைத்து, நான் செய்தது பிழை என்றேன்.

“ஹம்மர்பெஸ்டிலை உங்கடை கையும் என்ரை கையும் ஒரே மீனைத்தான் வெட்டினது” என்றார். “நீங்கள் சொன்னது பிழை எண்டு எனக்கு அப்பவே தெரியும், அண்ணை. உங்களுக்கும் ஒரு நாள் தெரிய வரட்டும் எண்டு இருந்தனான்.”

அண்ணை என்றார். அது போதும் என்று நான் விட்டிருக்கலாம். பலர் முன்னே இழிவு செய்தவன் பலர் முன்னேதான் அதை நீக்க வேண்டும் என்று எண்ணினேன். “பொங்கலண்டு மண்டபம் நிறைஞ்சிருக்கும். அண்டைக்கு எழும்பிச் சொல்லி, உன்னைக் கையோடை மடைப்பள்ளிக்குக் கூட்டிக்கொண்டு போவன்” என்றேன்.

அவர் மாவுக் கையை மேலங்கியில் துடைத்தவாறு சிரித்தார். “பொங்கலுக்கு நாலு கிழமை கிடக்கு. இண்டைக்கே ரெண்டு பேருக்குப் போன் எடுத்துச் சொன்னால் என்ன?”

நான் சபையை விரும்பினேன். நல்ல சொற்களைத் தேடினேன். தாளில் எழுதினேன், அடித்தேன், திருத்தினேன். வீடு திரும்பிய பிறகும் திருத்திக்கொண்டிருந்தேன். அவர் கல்லை அணைத்துவிட்டுக் கதிரையில் அமர்ந்த அந்த நேரத்திலும் நான் ஒரு வாக்கியத்தை அழகுபடுத்திக்கொண்டிருந்தேன்.

பொங்கலன்று ஊன்றுகோலோடு மண்டபத்தில் எழுந்து நின்றேன். கடைசி வரிசையைப் பார்த்தேன். குரல் வரவில்லை. அமர்ந்துவிட்டேன். ஆகவே இங்கே அலங்காரம் இன்றி எழுதுகின்றேன்: புவனேஸ்வரி அம்மையாரை மடைப்பள்ளியிலிருந்து விலக்கியது என் பிழை. அவர் கை தூய கை. அன்று அங்கிருந்து அதைக் கேட்டவர்கள் இதையும் கேட்டதாகக் கொள்ளுங்கள்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு அன்று அவர் வீட்டில் படையல் வைக்கும் வேளை, அவரோடு வேலை செய்த திராமன் நகரத்து நோர்வேப் பெண்மணி ராண்டி ஒரு துணி மூடிய தட்டோடு வந்தார். “எங்கள் வீட்டில் யாரும் லெஃப்சே சுட்டதில்லை, புவனாவிடம்தான் பழகினேன்” என்று தயங்கிச் சொன்னார். ஒன்று கிழிந்திருந்தது, அதற்காக மன்னிப்பும் கேட்டார். மாதங்கி என்னைப் பார்த்தார். ஆறு ஆண்டுகளுக்கு முன் மடைப்பள்ளியில் இருந்த பெண்களும் என்னைப் பார்த்தார்கள்.

“மாமா, இதைப் படைக்கலாமோ?”

“இதைத்தான் முதல் படைக்க வேணும், பிள்ளை” என்று சொல்லித் தட்டை வாங்கினேன். தலைவாழையிலையின் நடுவே என் கையாலேயே வைத்தேன். பிறகு நினைவு வந்து, இன்னும் கொஞ்சம் வெண்ணெய் கேட்டு வாங்கித் தடவினேன்.

அம்மையாரின் பொருள் எதுவும் என்னிடம் இல்லை. நான் விழுவதற்கு முன் வந்த கடைசி டப்பாவையும் அடுத்த நாளே திருப்பிக் கொடுத்தவன் நான். “இண்டைக்கே சொன்னால் என்ன?” என்ற அவருடைய கேள்வி ஒன்றே என்னிடம் எஞ்சியிருக்கிறது. காலையில் விளக்கேற்றும்போது அது என் காதில் கேட்கிறது. அதற்குப் பிறகுதான் பதிகம்.

இதைப் படிக்கும் உங்கள் இல்லத்தில் அடுப்பு என்றும் இனிதாய் எரிக. உங்களுக்குச் சமைக்கும் கைகள் நீடு வாழ்க. அக்கைகளுக்கு நீங்கள் சொல்ல வேண்டிய நல்ல சொல்லை, நாள் பார்த்து நிற்காமல், இன்றே உங்கள் நாவில் வைக்க இறைவன் அருள்க.