மறந்துவிட்டேன் என்று தீர்மானிக்கப்பட்ட கடவுச்சொல்

வெளிநாட்டில் வாழும் உறவினர்கள் நம்மீது அன்பு காட்டும் வழிகளில் ஒன்று, நம் வீட்டில் கருவி எதையாவது பூட்டிவிட்டுப் போவது. கோயில் திருவிழாவுக்கு வந்து, நின்று, கிணற்றுக்கு மோட்டர், குசினிக்குப் புது அடுப்பு, வாசலுக்குக் கமரா என்று ஒவ்வொன்றாகப் பொருத்தி, அவற்றின் பாவனை முறையைச் செவிடருக்குச் சொல்வதுபோல் உரத்து விளக்கிவிட்டு விமானம் ஏறுவார்கள். பிறகு அங்கிருந்தபடியே விசாரணை தொடங்கும். பொருள் வேலை செய்யாவிட்டால் பிழை பொருளுடையதாக ஒருபோதும் இராது, பாவிக்கிறவருடையதாகவே இருக்கும்.

ஜேர்மனியில் இருக்கும் என் தம்பி அப்படியொரு திருவிழாக் காலத்தில் எனக்குப் பொருத்திவிட்டுப் போனது, கடவுச்சொற்களைக் காக்கும் பெட்டகம் ஒன்று. வங்கி, ஓய்வூதியம், மின்கட்டணம் எல்லாவற்றின் கடவுச்சொற்களும் அதனுள் கிடக்கும். அதைத் திறக்கும் முதன்மைக் கடவுச்சொல் ஒன்றை மட்டும் நான் நினைவில் வைத்திருந்தால் போதும். அதை மறந்தால் பெட்டகத்தைச் செய்த நிறுவனத்தாலேயே திறக்க முடியாது. ஆகவே அவசரகாலப் பொறுப்பாளராகத் தன் பெயரையும் அதில் சேர்த்துக்கொண்டான். எனக்கு ஏதாவது நேர்ந்தால் அவன் பெட்டகத்தைக் கேட்கலாம்; ஒரு கிழமைக்குள், அதாவது ஏழு நாளில், நான் மறுக்காவிட்டால் அது அவன் கைக்குப் போய்விடும். கணவர் காலமான பிறகு வட்டுக்கோட்டையில் தனியாக வாழ்கிறவள் நான். அந்த ஏற்பாடு அன்றைக்கு எனக்கு நியாயமாகவே பட்டது.

முதன்மைக் கடவுச்சொல்லை நானே அமைத்தேன். நீளமானது. அது என்னவென்று இங்கே எழுதமாட்டேன். என் குடும்பத்தார் எண்ணுகிற அளவுக்கு எனக்குப் புத்தி மங்கிவிடவில்லை. மடிக்கணினியில் ஒவ்வொரு காலையும் அதைத் தட்டி வந்தேன். புடைவைக்குக் கொய்யக மடிப்புப் பிடிக்கும்போது விரல்கள் கணக்குப் பார்ப்பதில்லை அல்லவா, அந்த அளவுக்கு அது கைக்குப் பழகியிருந்தது.

ஒரு நாள் மடிக்கணினியின் பற்றரி வீங்கி, அது மூச்சடங்கியது. தொலைபேசியில் அதே செயலியை இறக்கி, முகவரியையும் கடவுச்சொல்லையும் கொடுத்தேன். "மின்னஞ்சல் முகவரியோ முதன்மைக் கடவுச்சொல்லோ தவறானது" என்றது.

மீண்டும் ஆறுதலாகத் தட்டினேன். கண் போன்ற அடையாளத்தை அழுத்தி, எழுத்துகளை வெளிப்படச் செய்து, ஒவ்வொன்றாக வாசித்தேன். எல்லாம் சரி. முதலெழுத்தைத் தானாகவே பெரிதாக்கும் தொலைபேசியின் அதிகப்பிரசங்கித்தனத்தை நிறுத்தினேன். செயலியை அழித்துத் திரும்ப இறக்கினேன். நிறுவனத்தின் உதவிப் பக்கம் சொன்ன யாவற்றையும் ஒழுங்கு மாறாமல் செய்தேன். எந்த வழியால் போனாலும் அந்தப் பக்கம் ஒரே வாசகத்தில் கொண்டுவந்து விட்டது: நீங்கள் கடவுச்சொல்லை மறந்திருக்கக்கூடும். அதை எழுதியவருக்கு மனிதரைப் பற்றி இருந்தது ஒரேயோர் அபிப்பிராயம்; அதையே பல தலைப்புகளின் கீழ் எழுதியிருந்தார்.

யாழ்ப்பாணத்துக்குப் பஸ் ஏறி, பஸ் நிலையத்துக்கு அருகிலுள்ள தொலைபேசி திருத்தும் கடை ஒன்றுக்குப் போனேன். நடுவயதுக் கடைக்காரர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"கப்பிட்டல் எழுத்துப் பாத்தனீங்களோ அம்மா?"

"பாத்தனான்."

"அப்ப மறந்திருப்பியள். எங்கடை அம்மாவும் உப்பிடித்தான். கண்ணாடியைத் தலையிலை வைச்சுக்கொண்டு வீடு முழுக்கத் தேடுவா."

"உங்கடை கண்ணாடிக்கு மேலை தேத்தண்ணிக் கோப்பை நிக்குது, தம்பி."

அவர் கோப்பையைத் தூக்கிப் பார்த்து, கண்ணாடியைச் சேட்டில் துடைத்து அணிந்துகொண்டார். அணிந்த பிறகும் அவருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான்: "கிடக்கிறதை அழிச்சுப்போட்டுப் புதுக் கணக்கொண்டு திறப்பம்." உள்ளே இருப்பவை எல்லாம் அத்துடன் போய்விடும் என்றேன். "ஓம், போகும்" என்றார். தொலைபேசியை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

அன்று பின்னேரம் தம்பிக்குச் சொன்னேன். சொன்னதும் அவன் குரல் மாறியது. நோயாளியின் கட்டிலருகே கதைக்கும் குரல் அது.

"அக்கா, ஆறுதலா யோசியுங்கோ. ஒரு அவசரமுமில்லை."

"யோசிக்க ஒண்டுமில்லை. கடவுச்சொல் எனக்குத் தெரியும். அதுதான் ஏற்குதில்லை."

"ஓம் ஓம். உங்களுக்குத் தெரியும்."

அந்த இரட்டை ஓமை நான் நன்கு அறிவேன். எங்கள் அம்மா தன் கடைசிக் காலத்தில், செத்துப்போன அப்பா எப்போது வருவார் என்று கேட்கும்போதெல்லாம் நாங்கள் சொன்ன ஓம் அது.

பின்னாலிருந்து அவன் மனைவி, என் மச்சாள், வந்து தொலைபேசியை வாங்கினாள்.

"மச்சாள், சாப்பிட்டாச்சோ? என்ன கறி?"

"கத்தரிக்காய்ப் பால்கறி."

"நேற்று?"

"தான் நேற்று என்ன சாப்பிட்டவர் எண்டு உங்கடை அவரைக் கேட்டுப் பாருங்கோவன். சொல்லுறாரோ பாப்பம்."

சிரிப்பில்லை. அடுத்ததாக, "இண்டைக்கு என்ன கிழமை, மச்சாள்?" என்றாள்.

"வியாழன். ஏன், அங்கை வேறை கிழமையோ?"

எங்கோ இணையப் பக்கம் ஒன்றைத் திறந்து வைத்து, அதிலிருந்த கேள்விகளை வரிசையாகக் கேட்கிறாள் என்பது விளங்கியது. தேநீர் ஆறுவதற்குள் வாசித்து முடித்த மருத்துவத்தை அந்தத் தேநீர் ஆறுவதற்குள்ளேயே என்மீது பிரயோகித்தாள். நல்லவள்தான், எதையும் முழுதாக வாசிக்கும் வழக்கம் மட்டும் அவளுக்கு இல்லை.

தொலைபேசி திரும்பத் தம்பியிடம் போனது. "கொழும்பிலை ஒரு இடம் பாத்து வைச்சிருக்கிறன் அக்கா. மரக்கறிச் சாப்பாடு. நேர்ஸ்மார் எந்த நேரமும் நிப்பினம். உங்கடை வயசுக்காரர் கனபேர்."

"என்ரை வீடு?"

"வீட்டைப் பிறகு பாப்பம்."

ஒரு கடவுச்சொல் ஏற்கப்படாததால் என் வீட்டுப் படலையின் பூட்டு, திறப்பு வரைக்கும் பேச்சுப் போய்விட்டது. கொழும்பில் அவன் பார்த்து வைத்திருந்த இடம் நேற்று இன்று பார்த்ததல்ல என்பதும் அவன் குரலில் தெரிந்தது. எதற்காகவோ காத்திருந்தவனுக்கு நானே அதைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன்.

ஆனாலும் அவனைப் பேராசைக்காரன் என்று எழுதினால் அது பொய்யாகும். அம்மா ஒருநாள் தொலைபேசித் திரையில் அவன் முகத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "தம்பி, நீங்கள் ஆற்றை மகன்?" என்று, தான் பெற்றவனையே யாரெனத் தெரியாமல், மரியாதையாகக் கேட்டார். அவன் திரையைவிட்டு விலகிப்போனான். வெற்றுச் சுவர் மட்டும் கனநேரம் தெரிந்தது. அம்மாவைக் குளிப்பாட்டியதும் ஊட்டியதும் நான்தான். ஆனால் எனக்குப் பிடித்துக்கொள்ள அம்மாவின் கை இருந்தது. அவனுக்கு ஒரு கண்ணாடித் துண்டுதான் இருந்தது. அந்தப் பயம் எங்கிருந்து வருகிறதென்று எனக்குத் தெரியும். தெரிந்திருப்பதால் அது எரிச்சலூட்டாமல் விடுவதில்லை.

மறுநாட் காலை என் மின்னஞ்சலுக்கு நிறுவனத்திலிருந்து அறிவித்தல் வந்தது. என் அவசரகாலப் பொறுப்பாளர் பெட்டகத்தைக் கேட்டிருக்கிறாராம். ஒரு கிழமைக்குள் நான் மறுக்காவிட்டால் அது அவருக்கு வழங்கப்படுமாம். மறுப்பதற்குப் பெட்டகத்துக்குள் நுழையவேண்டுமாம்.

தம்பி என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்காகச் செய்யப்படும் நன்மைகளை எனக்குச் சொல்லும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் எப்போதோ நின்றுவிட்டது.

கோபத்தோடு எதையும் வாசிக்கக்கூடாது என்பதால் தேத்தண்ணி ஊற்றிக் குடித்துவிட்டு வந்து அந்த மின்னஞ்சலைத் திரும்ப வாசித்தேன். அப்போதுதான் ஒன்று உறைத்தது. முதல் நாள், கடவுச்சொல்லை நினைவூட்டும் குறிப்பை என் மின்னஞ்சலுக்கு அனுப்பும்படி செயலியைக் கேட்டிருந்தேன். அனுப்பிவிட்டதாகத் திரை சொன்னது. எதுவும் வரவில்லை, குப்பைப் பெட்டியையும் கிளறிப் பார்த்திருந்தேன். அதே நிறுவனம், அதே முகவரிக்கு, தம்பியின் கோரிக்கையை மட்டும் தவறாமல் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. என் முகவரி அவர்களுக்குத் தெரியுமா, தெரியாதா?

ஒரு சோதனை செய்தேன். உலகத்தில் யாருக்கும் இல்லாத ஒரு மின்னஞ்சல் முகவரியைப் புனைந்து, வாயில் வந்ததைக் கடவுச்சொல்லாகக் கொடுத்தேன். எனக்குச் சொன்ன அதே வாசகம் அதற்கும் வந்தது. அப்படியானால் அந்த இயந்திரம் என் கடவுச்சொல்லைப் பார்த்து நிராகரிக்கவே இல்லை. அதற்கு என்னையே தெரியாது.

ஓய்வு பெறும் வரைக்கும் நான் ஒரு கல்லூரியின் நூலகர். சரியான பட்டியல் எண்ணை எழுதிக்கொண்டு பிழையான நூலகத்துக்கு வந்து நிற்பவர்களை நிறையக் கண்டிருக்கிறேன். அப்படியொரு புத்தகம் இல்லை என்று உதவியாளர் சொல்வார். அவர் சொல்வதும் சரி, வந்தவரின் எண்ணும் சரி. நான் எந்த நூலகத்தில் நிற்கிறேன் என்று பார்க்கவேண்டியிருந்தது.

கடவுச்சொற் பெட்டிக்குக் கீழே, வாசிக்கப்படக்கூடாது என்றே எழுதியதுபோல் சாம்பல் நிறத்தில், "இணையும் இடம்: அமெரிக்கா" என்று இருந்தது. உதவிப் பக்கம் இந்த வரியைப் பற்றி ஓரெழுத்தும் சொல்லவில்லை. அதை அழுத்தினேன். அமெரிக்கா, ஐரோப்பா என இரண்டு விரிந்தன; ஒன்றின் பட்டியல் மற்றதில் இராது.

பார்த்தவுடன் அந்தத் திருவிழாக் காலத்து முழுக் காட்சியும் நினைவுக்கு வந்தது. தம்பி வேட்டியோடு, மடிக்கணினியை மடியில் வைத்து, விறாந்தைக் கதிரையில் இருந்து பிரசங்கம் செய்கிறான். "அமெரிக்காக்காரரை நம்பேலாது அக்கா. எங்கடை விசயமெல்லாம் ஐரோப்பாவிலைதான் கிடக்கவேணும். ஜேர்மன் சட்டம் இரும்பு." மச்சாள் குசினியிலிருந்து, "சட்டம் கிடக்கட்டும், வடை ஆறுது" என்கிறாள். கணக்கை அவன்தான் ஐரோப்பாவில் திறந்தான். புதிதாக இறக்கும் செயலி தானாக அமெரிக்காவைக் காட்டும் என்பதை அவன் எனக்குச் சொல்லவில்லை. தனக்கே சொல்லிக்கொள்ளவில்லை என்பது பிறகு தெரிந்தது.

ஐரோப்பாவைத் தெரிவு செய்து, அதே கடவுச்சொல்லை, ஓரெழுத்து மாற்றாமல் தட்டினேன். பெட்டகம் திறந்தது.

தம்பியை அழைத்தேன்.

"ஐரோப்பாவோ? அதை ஆர் ஐரோப்பா எண்டு போட்டது?"

"நீ."

"நானோ? எப்ப?"

"திருவிழாவுக்கு வந்த நேரம். வேட்டியோடை இருந்து சட்டம் கதைச்சனி."

"எனக்கு அப்பிடியொரு ஞாபகமும் இல்லையே, அக்கா."

பின்னால் மச்சாள் வாய்விட்டுச் சிரித்தாள். "வடைச்சட்டிக்கு முன்னாலை நானல்லோ நிண்டனான், எனக்கு ஞாபகமிருக்கு" என்றாள். அந்தச் சிரிப்புக்காக அவளுடைய கேள்விகளில் பாதியை மன்னித்தேன்.

தம்பி அதோடு விடவில்லை. "சரி. எண்டாலும் கொழும்பிலை அந்த இடத்தை ஒருக்காப் போய்ப் பாக்கிறதிலை என்ன?"

சாட்சியம் பொய்யென்று ஆன பிறகும் தீர்ப்பு மட்டும் அசையாமல் நின்றது. தொலைபேசியை மேசையில் கிடத்தி, அவன் குரல் அறையில் கேட்டுக்கொண்டிருக்க, பெட்டகத்துக்குள் அவனுடைய கோரிக்கையைத் தேடி எடுத்தேன். மறுக்கிறேன் என்பதை அழுத்தினேன். அதன் கீழே, பொறுப்பாளரை நீக்கலாம் என்றும் இருந்தது. விரல் அங்கே சற்று நின்றது. வெற்றுச் சுவர் தெரிந்த அந்தத் திரை நினைவுக்கு வர, விரலை எடுத்துவிட்டேன். நீக்கவில்லை. காத்திருக்கும் காலத்தை மட்டும், செயலி அனுமதிக்கும் எல்லைவரை நீட்டினேன்.

"மறுத்திட்டியள் எண்டு எனக்கு மெயில் வருது" என்றான், சிறு பிள்ளையின் குரலில்.

"ஓம். உன்ரை பேர் அதிலை இருக்கு, அழிக்கேல்லை. ஆனால் இனிக் கேட்டால் மூண்டு மாசம் காத்திருக்கவேணும்."

"மூண்டு மாசமோ! ஏனக்கா அவ்வளவு?"

"நான் உண்மையா மறந்தால், பிளேன் ரிக்கற் போட்டு இஞ்சை வர உனக்கு அவ்வளவு காலம் காணும். வந்து, எனக்குப் பக்கத்திலை இருந்து, என்ரை முகத்தைப் பாத்திட்டு எடு."