தூணில் வடிந்த பால்

பேய், முனி என்று ரப்பர் தோட்டத்தில் யார் எதைச் சொன்னாலும் சிரிப்பவன் நான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள், அதுவும் வாத்தியார் வேலை, சிரிக்காவிட்டால் படித்ததற்கு என்ன மரியாதை என்று நினைத்திருந்தேன். நீங்களும் இதைப் படித்துச் சிரிக்கலாம். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மலாயாவில் கம்யூனிஸ்டுகளோடு வெள்ளைக்காரன் சண்டை போட்ட அவசரகாலம் அது. சுவா பக்கத்துத் தோட்டத்தில் தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த எங்கள் லயத்தைச் சுற்றி முள்கம்பி போட்டிருந்தார்கள். அப்பாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்து ரப்பர் மரத்தில் பால் வெட்ட முடியாமல் போனதும், ஆஸ்பத்திரியில் காட்டலாம் என்று சிரம்பானுக்கு என்னோடு கூட்டி வந்துவிட்டேன். பழைய கடைத்தெருவின் ஒரு கோடியில் மாடி அறை. அந்தத் தெருவில் எனக்கு அத்தனை பெருமை. பள்ளி, காய்கறிப் பாசார், ரயில் நிலையம், கோயில் எல்லாம் நடக்கிற தூரம், தெருவின் இரண்டு பக்கமும் கடைகளுக்கு முன்னால் வரிசையாகத் தூண் வைத்த அஞ்சடி நடைபாதை, மழை கொட்டினாலும் தலை நனையாமல் போய் வரலாம். அப்பாவோ, "மரமில்லாத ஊருல மனுசன் எப்படிடா இருக்கறது" என்று முடித்துவிட்டார்.

அந்த வாரம் எங்கள் பக்கம் ஊரடங்கு. மாலையில் சங்கு ஊதிவிட்டால் தெருவில் ஆள் இருக்கக்கூடாது. ஒருநாள் பள்ளி விட்டு, பிள்ளைகளின் கணக்குகளைத் திருத்திவிட்டு வந்தால் அறையில் அப்பா இல்லை. ஆணியில் தொங்கிய சட்டைப் பையில் அவருடைய அடையாளக் கார்டு அப்படியே இருந்தது. கார்டு இல்லாதவர்களைப் பட்டாளத்து லாரியில் ஏற்றிப் போவதை நானே பார்த்திருக்கிறேன். கண் தெரியாத மனிதரை எவனாவது நில் என்று அதட்டினால், அவர் எந்தப் பக்கம் பார்த்து நிற்பார்?

கீழே முடிதிருத்தும் கடை அந்தோணி கதவுப் பலகைகளைச் செருகிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அப்பாவப் பாத்தீங்களா?"

"பாத்தேன் லா வாத்தியாரே. ஒவ்வொரு தூணா தடவிக்கிட்டே போனாரு. பொண்ணு பாக்கவா மாமான்னு கேட்டேன். வேலைக்கு நேரமாச்சுங்கறாரு."

தோட்டத்து பஸ்ஸைத் தேடித்தான் போயிருப்பார் என்று ஓட ஆரம்பித்தேன். அப்போது கை ஒரு தூணில் பட்டது. ஈரம்.

செங்கல் தூணில், மரத்தில் கத்தி போட்ட மாதிரி சாய்வாக ஒரு கோடு, அதிலிருந்து வெள்ளையாக வடிந்துகொண்டிருந்தது. சுண்ணாம்பு என்றுதான் நினைத்தேன், முகர்ந்து பார்த்தால், வேலை விட்டு வரும் அப்பா என்னைத் தூக்கும்போது அடிக்கும் அதே வாடை. ரப்பர் பால். அடுத்த தூணிலும் இருந்தது, அதற்கடுத்ததிலும். நம்பினால் நம்புங்கள், தெரு நெடுக. அப்பாவின் வெட்டுக்கத்தியோ தோட்டத்து ஸ்டோரில் கிடக்கிறது. எனக்குப் பயம் வரவில்லை, அதுதான் அதிசயம். அத்தனை அவசரத்திலும் கோயிலுக்குள் நுழைந்தது போல நடை தானாக மெதுவாகிவிட்டது.

மறுகோடியில் கடைசித் தூணோடு கோடுகள் நின்றுவிட்டன. முன்னால் பெரிய ரோடு, அதைத் தாண்டினால் பஸ் நிலையம். தாண்டக் கால் வைத்தவன் நின்றேன். மரம் வெட்டுகிறவர் தன் நிரை, அதாவது ஒரு வரிசை மரம், முடிந்தால் நேரே போகமாட்டார், திரும்பி அடுத்த நிரையில் வெட்டிக்கொண்டே வருவார், சின்ன வயதில் அப்பாவோடு போய்ப் பார்த்தது. எதிர்ச்சாரிக்கு ஓடினேன். அங்கேயும் தூணுக்குத் தூண் பால், எங்கள் வீட்டை நோக்கி.

வீட்டுக்கு நேர் எதிரே, கடைசித் தூணில் சாய்ந்து அப்பா உட்கார்ந்திருந்தார்.

"மாணிக்கம் வந்தான்டா. நான்பாட்டுக்கு நேரா ரோட்டுக்குப் போயிருப்பேன். முனையில நின்னுக்கிட்டு, அண்ணே, நிரை முடிஞ்சிருச்சு, திரும்புங்கன்னான்."

மாணிக்கம் அப்பாவுக்குப் பக்கத்து நிரைக்காரர். முந்தின வருடம் வேலிக்கு வெளியே குண்டு பட்டுச் செத்துப்போனவர்.

அப்பாவைத் தூக்கி நிறுத்தும்போது பெரிய ரோட்டில் லாரி வந்து நிற்கிற சத்தம், அதட்டல், பிறகு சங்கு. அதற்குள் தெருவைக் கடந்து மாடியேறிவிட்டோம்.

மறுநாள் காலையில் தூண்களில் ஒன்றுமே இல்லை. அந்தோணி ஒரு தூணைத் தடவிப் பார்த்துவிட்டு, "அப்பாவோட சேந்து நீங்களும் கண்ணக் காட்டிடுங்க வாத்தியாரே" என்றார்.

ஆனால் அப்பாவைத் தூக்குவதற்கு முன் நான் ஒரு காரியம் செய்திருந்தேன். அவர் சாய்ந்திருந்த அந்தக் கடைசித் தூணின் கோட்டில் உறைந்திருந்த பாலை நாடா போல உரித்துப் பையில் போட்டுக்கொண்டேன், நாளை யாராவது கேட்டால் சாட்சிக்கு. மாடிக்குப் போய் அதை அப்பா கையில் கொடுத்தேன். தடவி, முகர்ந்து பார்த்தார்.

"நீயா உரிச்ச?"

"ஆமாப்பா."

"கோட்டுல காஞ்ச பால உரிச்சவன்தானடா அந்த மரத்துல மறுவெட்டு வெட்டணும்." நாடாவை என் உள்ளங்கையில் திருப்பி வைத்தார். "உங்கையில கத்தி ஏறக்கூடாதுன்னுதான படிக்க வச்சேன்."

இப்போது அப்பாவுக்குப் பார்வை வந்துவிட்டது. தோட்டத்தில் முள்கம்பியையும் பிரித்துவிட்டார்கள். நான் இன்னும் அதே தெருவில்தான் இருக்கிறேன், அந்தத் தூணைத் தாண்டித்தான் தினமும் பாசாருக்குப் போகிறேன். உரித்த ரப்பர் சில நாளில் பழுத்துக் கறுத்துவிடும், தோட்டத்தில் பிறந்த யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். என் நாடாவைத் தகர டப்பாவில் வைத்திருக்கிறேன். நேற்றும் திறந்து பார்த்தேன். இன்னும் வெள்ளையாகத்தான் இருக்கிறது. தொட்டால் விரலில் பால் ஒட்டுகிறது.