வேலியைத் தாண்டிய ஆரஞ்சு வயர்

என் கார் குடிக்கும் மின்சாரம் யாருக்குப் போய்ச் சேர வேண்டியது?

சென்ற ஞாயிறு மதியம் வரை இப்படியொரு கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை. மின்சார கார் வாங்கினால் புகை இல்லை, குற்ற உணர்வும் இல்லை. 'வீட்டிலுள்ள சாதாரண பிளக் பாயிண்டே போதும்' என்று முன்பொரு வாரம் இதே பத்திரிகைப் பத்தியில் எழுதியவனும் நான்தான்.

கோலா பிலா அருகே பழைய எஸ்டேட் வீடொன்றில் என் அக்கா வசிக்கிறார். கோயில் திருவிழாவுக்குப் போயிருந்தேன். காலை பத்து மணிக்கு வாசல் பிளக்கில் காரைச் செருகினேன்.

"கார் வாங்கினியா, வாஷிங் மெஷின் வாங்கினியாடா?" என்று அக்கா சிரித்தார்.

அதே பிளக் பாயிண்டின் பக்கத்துத் துளையிலிருந்து ஆரஞ்சு நிற வயர் ஒன்று வேலியைத் தாண்டிப் போயிற்று. திருவிழாக் காலம்... வரிசை வீடுகள் முழுக்க அலங்கார விளக்குகள். இதுவும் அதுதான் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

இரண்டு மணிக்குப் பிளாஸ்டிக் கருகும் வாடை. வீட்டு மின்சாரம் மொத்தமாகப் போனது. வேலிக்கு அப்பாலிருந்து பக்கத்து வீட்டு சரோஜா அக்காவின் குரல்.

"தம்பி, கரண்டு போச்சு லா! அண்ணனோட மிஷின் நின்னுருச்சு!"

அவர் கணவர் மணியம் அண்ணனுக்கு நுரையீரல் நோய். ஆக்சிஜன் மிஷின்தான் அவருக்கு மூச்சு. அவர்கள் வீட்டு வயரிங் பழுதானதிலிருந்து அது அந்த ஆரஞ்சு வயர் வழியே என் அக்கா வீட்டு மின்சாரத்தில் ஓடியிருக்கிறது. பக்கத்து வீட்டுக்கு ஜன்னல் வழியே வயர் கொடுப்பது இங்கே வழக்கம் — யாரும் அதை ஒரு செய்தியாகச் சொல்வதில்லை.

அண்ணனை உடனே அவசரத்துக்கு வைத்திருந்த ஆக்சிஜன் சிலிண்டருக்கு மாற்றினார்கள். அதன் அளவுமானி முள்ளோ தீரப்போகும் சிவப்புக் கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது! நான் மிஷின் வயரை உருவிக்கொண்டு எதிர் வீட்டுக்கு ஓடினேன். அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. ஜன்னல் வழியே கையை நீட்டி வாங்கிச் செருகினார்கள். மிஷின் உறுமியது.

மூச்சு சீரானதும் அண்ணன் சொன்னார்: "ஒங்க காருக்கு நான் பெட்ரோல் ஆயிட்டேன்போல!"

எல்லோரும் சிரித்தார்கள். என்னால் முடியவில்லை. சுத்தமான காற்றுக்காக வாங்கிய கார் ஒருவரின் காற்றையே நிறுத்தியிருக்கிறதே! வருந்திவிட்டு என் ஊரான சிரம்பானுக்குத் திரும்பினால் போதுமா?

மறுநாள் விடுப்பெடுத்து, உரிமம் பெற்ற வயர்மேனை அழைத்துப் போனேன். கருகிய பிளக்கை அவர் திருப்பிப் பார்த்தார்.

"சார், இது ஃபேனுக்கும் டிவிக்கும் இழுத்த வயர். காரு மணிக்கணக்கா இழுத்தா சூடு தாங்காது. காருக்குத் தனி லைன் போடணும்."

"போடலாம். முதலில் பக்கத்து வீடு" என்றேன்.

"எங்களுக்கு எதுக்கு தம்பி..." என்று சரோஜா அக்கா தயங்கினார். நான் விடவில்லை.

மூன்று நாளில் வேலை முடிந்தது. மணியம் அண்ணனின் மிஷின் இப்போது அவர் வீட்டு மின்சாரத்திலேயே ஓடுகிறது. அக்கா வீட்டில் தனி லைன் வரும்வரை, சிரம்பானில் சார்ஜ் ஏற்றிக்கொண்டுதான் போவேன்.

வீட்டு பிளக் போதும் என்று எழுதினேன் அல்லவா — அந்த வரியைத் திரும்பப் பெறுகிறேன்.