வெயிலில் வந்த ஆறு

ஒன்றை அளந்துவிட்டால் அதை அறிந்துவிட்டதாக ஆகுமா? ஷ்யாமளாவின் பதினோரு குளிர்காலங்களைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி எழாமல் இருக்காது.

நியூ ஜெர்சியில், பார்சிப்பனிக்குக் கிழக்கே, பஸேயிக் ஆற்றை ஒட்டிய தெருவில் அவள் வீடு. ஆஸ்பத்திரி ஒன்றில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. பதினோரு வருஷமாகத் தினமும் காலை ஏழு மணிக்குக் கொல்லையிலுள்ள மழைமானியைப் பார்த்து, வானிலைத் தன்னார்வலர்களுக்கான இணையதளத்தில் பதிவு செய்வாள். பனி கொட்டினால் வேலை கூடும். மழைமானியின் உருளையைப் பனியில் தலைகீழாக அழுத்தி, வந்ததைச் சமையலறைக்குக் கொண்டுவந்து, அளந்த வெந்நீர் ஊற்றிக் கரைப்பாள். ஊற்றியதைக் கழித்துவிட்டு மிச்சத்தை எழுதுவாள். ஓரடிப் பனியில் ஒருநாள் ஓர் அங்குலத் தண்ணீர் இருக்கும். இன்னொரு நாள் அதே ஓரடியில் மூன்று அங்குலம். பார்வைக்கு இரண்டும் ஒரே வெள்ளை.

கணவர் அனந்தராமனுக்கு இதிலெல்லாம் பெரிய மரியாதை இருந்ததில்லை. காபி போட அடுப்பு காலியில்லை என்பதுதான் அவருடைய குறை.

அந்த மார்ச் மாதம், ஒரு சனிக்கிழமை, மகள் அதிதிக்கு வீட்டிலேயே நிச்சயதார்த்தம் என்று முடிவாகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் டெக்சாஸிலுள்ள பிளானோவிலிருந்து வருகிறார்கள். புதன்கிழமை காலை ஷ்யாமளா உருளையை வெளிச்சத்தில் பிடித்தபடி வெகுநேரம் நின்றாள்.

“கரைஞ்சா நாலு அங்குலம். அதுமேல நாளைக்கு மூணு அங்குலம் மழைங்கறான். ஃபங்ஷன் இங்க வேண்டாம். மேட்டுல ஏதாவது ஹால் பாருங்க.”

“வெந்நீரைக் கழிச்சியா?”

“கழிச்சேன். மூணு தடவை எடுத்துப் பார்த்துட்டேன்.”

“நாளைக்குத்தானே மழை? சனிக்கிழமை பளிச்சுனு வெயில். ஃபோர்காஸ்ட்டைப் பாரு.”

“மலையில கரையறது இங்க வந்து சேர ரெண்டு நாள் ஆகும். சனிக்கிழமைதான் வரும். நம்ம வாசல்ல நாலாவது படி வரைக்கும்.”

“நாலாவது படியா! மணியையும் சொல்லிடு, ஆரத்தி கரைச்சு வைக்கறேன்.”

அவள் சிரிக்கவில்லை.

“தண்ணி வரலைன்னா சம்பந்தி முன்னாடி நம்ம மானம் போயிடும், ஷ்யாமளா.”

“போகட்டும். வந்துதுன்னா நாப்பது பேர் இங்க மாட்டிப்பாங்க.”

முணுமுணுத்தபடியே அனந்தராமன் மேட்டில் ஒரு ஹால் பிடித்தார். வியாழன் முழுக்க மழை. வெள்ளியன்று பேஸ்மென்ட்டிலிருந்த பெட்டிகளை மாடிக்கு ஏற்றினார்கள். சனிக்கிழமை விடியலில் வீட்டைப் பூட்டியபோது ஆறு தளும்பிக்கொண்டிருந்தது, ஆனால் கரைக்குள்ளேதான். வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை.

ஹாலில் சம்பந்தி கிட்டுசாமி, ஜன்னல் வழியே வந்த வெயிலில் கையை நீட்டிக் காட்டினார். “என்ன சார், குடை கொண்டுவந்தோம், வேஸ்ட்டாப் போச்சே! உங்க வெதர் மேடம் எங்களை வீட்டுக்குள்ளயே சேர்க்கலையே!”

எல்லோரும் சிரித்தார்கள். அனந்தராமனும் சிரித்துவைத்தார். உள்ளூர, தண்ணீர் வந்துவிடாதா என்று ஒரு கணம் ஏங்கினார். சொந்த வீட்டுக்கு அப்படி வேண்டிக்கொண்டதை நினைத்து அவருக்கே திக்கென்றது.

பன்னிரண்டுக்குள் தட்டு மாற்ற வேண்டும். பதினொன்றேகாலுக்கு ஷ்யாமளாவைக் காணோம். காரையும் காணோம். எங்கே போயிருப்பாள் என்று அனந்தராமனுக்குத் தெரிந்துவிட்டது. கிட்டுசாமியின் வாடகைக் காரை வாங்கிக்கொண்டு ஓடினார். பத்து நிமிடத் தூரம்.

தெருமுனையில் மஞ்சள் தடுப்புப் போட்டிருந்தார்கள். அதற்கு இப்பால், பட்டுப்புடவைமேல் குளிர்கோட்டுடன் அவள் நின்றாள். திட்டிக்கொண்டே இறங்கியவர் பாதியில் நிறுத்தினார்.

தெரு இல்லை. அது இருந்த இடத்தில் பழுப்புத் தண்ணீர், இரைச்சல் இல்லாமல், அவசரமில்லாமல் ஏறிக்கொண்டிருந்தது. தபால் பெட்டிகளின் தலைகள் மட்டும் தெரிந்தன. புல்வெளியில் கிடந்த பனிக்கட்டிகள் மிதந்து வாசல்களைத் தாண்டிப் போயின. நிர்மலமான வானம் அப்படியே தண்ணீரில் விழுந்திருந்தது. மூன்று மாதம் மலைகளில் சத்தமில்லாமல் வெள்ளையாகக் கிடந்தது இதுதானா? ஒரு சொட்டு மழையில்லாத நடுப்பகலில் தன் வாசலுக்கு வந்து நிற்பது இதுவா? தம் வீட்டின் ஆறு படிகளை எண்ணினார். மேலே இரண்டு மட்டும் காய்ந்திருந்தன.

“நீ சொன்ன மாதிரியே நாலாவது படி,” என்றார்.

அவள் படிகளைப் பார்க்கவில்லை. தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தட்டு மாத்தணும். வா, ஷ்யாமளா.”

“ஒரு நிமிஷம்.”

அந்த ஒரு நிமிடம் ஏழெட்டு நிமிடமானது. அவரும் அவசரப்படுத்தவில்லை. திரும்பி வந்து, பன்னிரண்டுக்கு மூன்று நிமிடம் இருக்கையில் தட்டு மாற்றினார்கள். கிட்டுசாமி அவள் செருப்பில் ஒட்டியிருந்த சேற்றைப் பார்த்தார். அதன்பின் குடையைப் பற்றிப் பேசவில்லை.

தண்ணீர் வரும் என்று அவளுக்குப் புதன்கிழமையே தெரியும். போய்த் தெரிந்துகொள்ள எதுவும் மிச்சமில்லை. ஆனாலும் ஒரே மகளின் நிச்சயதார்த்தத்தில், தட்டு மாற்றும் வேளையில், அவள் எழுந்து ஆற்றிடம் போனாள். அதிதி இன்றைக்கும் கேட்பாள்: “தென் ஒய் டிட் யூ கோ, அம்மா?” ஷ்யாமளா உருளையை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விடுவாள்.